தலை ஆடும் பழைய கோடாலி: காம்பு மாற்றலாமா, கைக்கோடாலி வாங்கலாமா?

சாட்ஸ்வர்த் விறகடுப்பு:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில், எங்கள் கோயில் ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்கு மூன்றுகால் பானைகளுக்கு விறகு பிளக்க வேண்டும். கையில் இருப்பது ஒரு பழைய கோடாலி. அதன் நிலை இது:

தலையில் 3½ என்று பொறித்திருக்கிறது, தராசில் 1.55 கிலோ. ஓங்கிப் போட்டால் தலை நாலைந்து மி.மீ. மேலே நகர்கிறது. ஆட்டத்தை நிறுத்த யாரோ மேலிருந்து மூன்று ஆணி அறைந்திருக்கிறார்கள். வாயின் (வெட்டும் ஓரத்தின்) நடுவில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பொக்கை. பின்புறம் சம்மட்டி அடி வாங்கி, விளிம்பு காளான்போல விரிந்திருக்கிறது. முழுக்கத் துரு, ஆனால் குழி அதிகமில்லை.

விறகு வாட்டிலும் (வேல மர இனம்) கம் மரமும் (யூகலிப்டஸ்) கலந்தது. 25 முதல் 35 செ.மீ. குறுக்களவு, 35 செ.மீ. நீளத்தில் அறுத்த முண்டுகள். பழைய வேலிக்கம்பங்களும் கொஞ்சம் கிடக்கின்றன.

கேட்க வேண்டியவை: தலை இன்னும் உபயோகத்துக்கு ஆகுமா என்று எப்படிப் பார்ப்பது? தண்ணீரில் ஊறவைத்தால் காம்பு இறுகும் என்கிறார்களே, சரியா? வாயை எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும்? இதெல்லாம் வேண்டாம், சின்னக் கைக்கோடாலி ஒன்று வாங்கினால் ஆபத்து குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கும் பதில் வேண்டும்.

டொங்காட் தச்சன்:

தம்பி, முதலில் தலையைப் பாருங்கள், காம்பு அப்புறம்.

காம்பைத் தலைக்குக் கீழே ஒட்ட அறுத்துவிடுங்கள். தலையில் காம்பு நுழையும் துளைக்குள் மிஞ்சும் மரத்தில் டிரில்லால் ஏழெட்டுத் துளை போட்டு, கீழிருந்து மேலாக ஒரு தடித்த இரும்புக் கம்பியால் தட்டி வெளியே தள்ளுங்கள். துளை மேல்வாயில் சற்று அகன்றிருக்கும், அதனால் மரம் மேல்பக்கமாகத்தான் வரும். உங்கள் தலையில் ஆணிகள் இருப்பதால் டிரில் முனை அவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரம் தளர்ந்ததும் ஆணிகளைக் குறடால் பிடுங்கலாம். காம்பை எரித்து எடுக்கிறேன் என்று தலையை நெருப்பில் போடவே கூடாது. வாயின் பதம், அதாவது சூடாக்கி ஏற்றிய கடினம், அதோடு போய்விடும்.

துரு போக, வெள்ளை வினிகரில் 12 மணி நேரம் மூழ்க வையுங்கள். 24 மணிக்கு மேல் போனால் நல்ல இரும்பையும் அரிக்கத் தொடங்கும். எடுத்ததும் கம்பி பிரஷால் தேய்த்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடா உப்பு கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். டர்பன் கடற்காற்றில் ஈரத் தலையை அரைமணி நேரம் விட்டாலே ஆரஞ்சு நிறம் ஏறிவிடும்.

இனி விரிசல். துளையின் இரு பக்கச் சுவரும்தான் தலையின் பலவீனமான இடம். அதிலும் பின்புறம் சம்மட்டி வாங்கியதென்றால் கட்டாயம் சோதிக்க வேண்டும். மண்ணெண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, சாக்குக்கட்டித் தூளைப் பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் ஊறி வந்து வெள்ளைத் தூளில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்த தலையில் காம்பு போட வேண்டாம், பழைய இரும்புக்குப் போகட்டும். கூடவே, ஸ்கேல் வைத்துத் துளையின் இரண்டு பக்கமும் வெளியே உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் காம்பு ஒருநாளும் நிலையாக நிற்காது.

காளான் விளிம்பை அரத்தால் முழுக்க எடுத்துவிடுங்கள். அந்த மடிப்புகள்தான் அடி படும்போது சிம்பு சிம்பாகத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கோடாலியின் பின்புறம் சம்மட்டி அல்ல. வாய்ப்பகுதியைத்தான் கடினமாகப் பதம் போட்டிருப்பார்கள். துளையைச் சுற்றியும் பின்புறமும் இரும்பு மென்மையானது, அடிக்க அடிக்க உருக்குலையும்.

தண்ணீரில் ஊறவைப்பது பற்றி: அன்றைக்கு இறுகும், உண்மை. மரம் உப்பும்போது இரும்புச் சுவர் விட்டுக்கொடுக்காது, அதனால் நார்கள் தங்களுக்குள்ளேயே நசுங்கும். காயும்போது நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்பாது, முன்னைவிடச் சுருங்கி நிற்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்த காம்பு குப்பைதான். ஆணி அடிப்பதும் அப்படியே. நாரைப் பிளந்து, ஈரத்துக்கு வழி வைத்து, உள்ளேயே துருப்பிடிக்கும்.

புதுக் காம்புக்கு ஹிக்கரி என்ற அமெரிக்க வன்மரம் கிடைத்தால் அது, இல்லையென்றால் சாலிக்னா என்ற பெயரில் விற்கும் யூகலிப்டஸ். 3½ பவுண்டுத் தலைக்கு 800 முதல் 900 மி.மீ. நீளம் வேண்டும். கடையில் நான்கைந்தை எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் ஓடி வெளியேறும் நாருள்ள காம்பு அந்த இடத்தில்தான் சாய்வாக உடையும். அடிநுனியில் வளையக் கோடுகள் வாயின் கோட்டுக்கு இணையாக இருந்தால் நல்லது. ஆனால் வளையத்தைவிட நாரோட்டம் முக்கியம். கணு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காம்பின் தலைப்பகுதி துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், அதனால் துளையின் நீள அகலத்தை மேலேயும் கீழேயும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பொருத்தும் வேலையில்தான் பொறுமை வேண்டும். தலையைக் காம்பில் செருகி, கோடாலியைத் தலைகீழாக, அதாவது தலை கீழே தொங்க ஒரு கையால் பிடித்து, காம்பின் அடிநுனியைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். தலை அந்தரத்தில் நிற்கும்போது, தட்டுக்குத் தட்டு காம்பு அதற்குள் ஏறும். தரையில் குத்துவதைவிட இது மேல். பிறகு தலையைக் கழற்றினால் மரத்தில் இரும்பு உரசிய இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பை மட்டும் மர அரத்தால் எடுங்கள். மறுபடி செருகுங்கள். பத்துப் பதினைந்து முறையாவது ஆகும். அவசரப்பட்டுக் கத்தியால் சீவி ஒரே தடவையில் இறக்கினால் எங்கேயாவது இடைவெளி விழும், அதை ஆப்பால் மறைக்க முடியாது.

மேலே 5, 6 மி.மீ. காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆப்பு அதை விரித்து, தலை கழன்று வராமல் பூட்டுவது அந்த நீட்டல்தான். அதை ஒட்ட அறுத்துவிட்டால் அழகாக இருக்கும், பிடிப்பு குறையும்.

ஆப்புக்கான ரம்ப வெட்டு துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கடைக் காம்புகளில் வெட்டு ஆழம் குறைவாகவே இருக்கும், பார்த்து ஆழப்படுத்துங்கள். ஆப்பு மரத்தாலானதாக, துளையின் முழு நீளத்துக்கும் வர வேண்டும். கனத்த முனையில் 7, 8 மி.மீ., மெல்லிய முனை வெட்டுக்குள் தானாக நுழையும் அளவு. அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் இறங்க வேண்டும், சத்தம் மாறி நின்றதும் நிறுத்துங்கள். வெட்டின் அடியில் போய் முட்டி நின்றால் அது இறுகவில்லை என்று பொருள். நுனியைக் கொஞ்சம் அறுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். எப்பாக்சிப் பசை வேண்டாம். அடுத்த காம்பு மாற்றுகிற ஆள் உங்களைத்தான் நினைத்துக்கொள்வார்.

ஊர்க்காட்டில் கிளை வெட்டிக் காம்பு செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: இந்த நாட்டில் வண்டிச் சக்கர ஆரக்காலுக்கும் ஈட்டிக் காம்புக்கும் பேர்போன அசகாய் மரம் பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. பச்சை மரத்தில் செய்த காம்பு எதுவானாலும் சில மாதத்தில் சுருங்கித் தலையை விடும்.

மாரிட்ஸ்பர்க் சாணை:

டொங்காட் அண்ணன் காம்பைச் சொல்லிவிட்டார், வாயை நான் சொல்கிறேன்.

முதலில் நல்ல அரம் ஒன்றை வாயில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் எதிர்ப்போடு கடித்தால் பதம் சரி. கண்ணாடிமேல் போல வழுக்கினால் அதிகக் கடினம், பொக்கை விழுந்துகொண்டே இருக்கும். வெண்ணெய்போலப் போனால் யாரோ கிரைண்டரில் சூடாக்கிப் பதத்தைக் கெடுத்திருக்கிறார்கள். 3 மி.மீ. பொக்கை என்பதால் ஆங்கிள் கிரைண்டரை எடுக்கக் கை துடிக்கும். எடுக்காதீர்கள். எஃகு சுமார் 230 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறமாகும், 300ஐ நெருங்கும்போது நீலம் ஏறும். நீலம் ஏறிய இடம் மென்மையாகிவிட்டது. அதைத் தாண்டி நல்ல இரும்பு வரும்வரை முழுதையும் தேய்த்து எடுக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் கிரைண்டர் என்றால் கையுறை இல்லாமல் வாயருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள். விரலுக்குப் பொறுக்காத சூடு வந்ததும் தண்ணீரில் முக்குங்கள்.

அரம் போதும். 250 அல்லது 300 மி.மீ. நீளம், ஒற்றை வெட்டுப் பற்கள், புதியது. பிடி போட்டு, அரத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு தடித்த தோல் வட்டத்தைச் செருகிக்கொள்ளுங்கள், கை வழுக்கினால் வாயில் போய் விழாது. தோல் கையுறை கட்டாயம். அரம் தள்ளும்போது மட்டுமே வெட்டும். திரும்ப இழுக்கும்போது தூக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பற்கள் வீணாகும்.

வரிசை முக்கியம். முதலில் வாயின் வளைவை மார்க்கரால் வரைந்து, பொக்கை மறையும்வரை நேர் எதிராக அராவி அந்த வளைவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது வாய் தட்டையாக, மழுங்கலாக இருக்கும், கவலை வேண்டாம். அடுத்துக் கன்னங்களை, அதாவது வாய்க்குப் பின்னே உள்ள இரு பக்கங்களை, மெலிய வையுங்கள். வாயிலிருந்து 25, 30 மி.மீ. பின்னே தொடங்கி விசிறிபோல இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் அராவுங்கள். பலரும் இதை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் தீட்டுவார்கள். வருஷா வருஷம் ஓரம் பின்வாங்கப் பின்வாங்கக் கன்னம் தடித்து, கடைசியில் கூராக இருந்தும் மரத்தில் ஏறாத கோடாலியாகிவிடும்.

கோணத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம், தடிமன் அளக்கும் வெர்னியர் போதும். வாயிலிருந்து 10 மி.மீ. பின்னே தடிமன் 5.4 மி.மீ. என்றால் மொத்தக் கோணம் 30 பாகை. 4.4 என்றால் 25. பைன் போன்ற மென்மரத்துக்கும் அடுப்பு மூட்டும் சிராய் சீவுவதற்கும் 25 நல்லது. உங்கள் காய்ந்த கம் மரத்துக்கு 30க்குக் குறையவே கூடாது, குறைந்தால் கணுவில் பட்டதும் அடுத்த பொக்கை விழும். வடக்கே லெட்வுட் வெட்டுகிறவர்கள் அதற்கும் மேல் வைத்தால்தான் நிற்கும். தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம் அது.

பிறகு வட்டச் சாணைக்கல்லில் சின்னச் சின்ன வட்டமாக, முரட்டுப் பக்கம் (சொரசொரப்பு எண் 120), அடுத்து 280. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் நகத்தில் பிசிர் தட்ட வேண்டும். வாய் முழுக்கப் பிசிர் வந்தபின் பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் இருபது இழுப்பு. விறகு பிளக்க இதற்குமேல் மெருகு தேவையில்லை.

பினோனி வைரமரம்:

தம்பி, கைக்கோடாலி பற்றிய கேள்விக்கு நேராகப் பதில்: அந்த வேலைக்குச் சின்னதுதான் அதிக ஆபத்து.

நின்றுகொண்டு 850 மி.மீ. காம்புள்ள கோடாலியை ஓங்கிக் குறி தப்பினால் வாய் உங்களுக்கு முன்னால் அடிக்கட்டையிலோ மண்ணிலோ இறங்கும். 350, 400 மி.மீ. காம்புள்ள 600 கிராம் கைக்கோடாலியை அதேபோல நின்று வீசினால் அதன் வட்டம் முடியும் இடம் உங்கள் முழங்கால் அல்லது கணுக்கால். சின்னது என்பதால் மக்கள் ஒரு கையால், அலட்சியமாக, மற்றக் கையால் விறகைப் பிடித்துக்கொண்டு போடுவதும் உண்டு. விரல் போவது அப்படித்தான்.

கைக்கோடாலிக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. பிளந்த விறகிலிருந்து சிராய் எடுக்க அதுதான் சரியான கருவி. இரண்டு முழங்காலையும் மண்ணில் ஊன்றி அடிக்கட்டைக்கு முன் உட்காருங்கள். வாயை விறகின் நுனியில் பதித்து, விறகையும் கோடாலியையும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாகக் கட்டையில் தட்டுங்கள். வாய் ஏற்கெனவே மரத்தில் இருப்பதால் குறி தப்ப வழியில்லை. நிமிர்ந்து நிற்காத விறகை விரலால் பிடிக்காமல் ஒரு குச்சியால் தாங்குங்கள்.

35 செ.மீ. கம் முண்டுக்கு உங்கள் 1.55 கிலோ தலையும் கொஞ்சம் இலேசுதான். வாய் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். ஓரத்திலிருந்து 5, 6 செ.மீ. தள்ளித் தள்ளிச் சுற்றிலும் தகடு தகடாக உரித்தெடுத்தால் சமாளிக்கலாம். நடுவில் பிளந்தே ஆக வேண்டும் என்றால் 2.7 முதல் 3.6 கிலோ வரையுள்ள கனத்த பிளக்கும் கோடாலி, அல்லது இரும்பு ஆப்பும் சம்மட்டியும். ஒரு கோடாலி சிக்கினால் இன்னொரு கோடாலியால் அதன் பின்புறத்தில் அடிக்க வேண்டாம், இரண்டும் கெடும், சிம்பும் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடங்கவே வேண்டாம்.

அடிக்கட்டை முழங்காலுக்குக் கீழே, 30 செ.மீ. உயரம் போதும். கட்டையின் மேல் ஒரு பழைய கார் டயரை வைத்து அதற்குள் முண்டை நிறுத்தினால் பிளந்த துண்டுகள் சிதறாது. ஒவ்வொரு அடிக்கும் குனிந்து எடுத்து நிறுத்தும் வேலை மிச்சமாகும், முதுகு உங்களை வாழ்த்தும். சுற்றி மூன்று மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது. கோயிலில் பிள்ளைகள் ஓடுவார்கள், ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.

காம்பு உடையும் காரணங்களில் முதலாவது, வாய் முண்டைத் தாண்டிப்போய்க் காம்பின் கழுத்து முண்டின் விளிம்பில் மோதுவது. பழகும்வரை தலைக்குக் கீழே 15 செ.மீ. நீளத்துக்குச் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றிவையுங்கள்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. டர்பனின் ஈரக்காற்றில் இருந்த காம்பை உடனே பொருத்தி ஜோகன்னஸ்பர்க் பக்கம் கொண்டுவந்தால், ஹைவெல்ட் மேட்டுநிலக் குளிர்காலத்தின் வறட்சியில் மரம் சுருங்கிச் சில வாரத்தில் தலை ஆடும். வேலை செய்த கையைக் குறை சொல்லிப் பயனில்லை. உபயோகிக்கும் ஊரிலேயே காம்பை இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்திருந்து பிறகு பொருத்துங்கள்.

சாட்ஸ்வர்த் விறகடுப்பு:

எல்லாருக்கும் நன்றி. சாக்குத்தூளில் கோடு விழவில்லை. ஹிக்கரிக் காம்பு இறங்கிவிட்டது, ஆப்பு இன்னும் அடிக்கவில்லை. இரண்டு சந்தேகம். கீழ்ப்பக்கம், வாய் இருக்கும் பக்கமாக, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. வெளிச்சம் தெரிகிறது. இது பரவாயில்லையா? மேலே வார்னிஷ் பூசியிருக்கிறதே, அதன்மேலேயே எண்ணெய் தடவலாமா?

டொங்காட் தச்சன்:

முன்பக்கம் மட்டும் 1 மி.மீ. என்றால், இரு பக்கக் கன்னமும் இறுகிப் பிடித்திருக்கும் பட்சத்தில் நிற்கும். ஆப்பு பக்கவாட்டில்தான் விரிக்கும், முன்பின்னாக விரிக்காது, ஆகவே அந்த வெளிச்சம் மறையாது. கன்னப்பக்கத்தில் இடைவெளி இருந்தால் மட்டும் தலையை இன்னும் கீழே இறக்குங்கள், காம்பு கீழே போகப்போகத் தடிக்கும்.

ஆப்பு அடிக்குமுன் இன்னொன்று பாருங்கள். அடிநுனியிலிருந்து ஒரு கண்ணால் நோக்கினால் வாயின் கோடும் காம்பின் நடுக்கோடும் ஒன்றாக விழ வேண்டும். ஒருபக்கம் சாய்ந்திருந்தால் எதிர்ப்பக்கத்துக் கறுப்பைக் கொஞ்சம் எடுத்துச் சரிசெய்யலாம். ஆப்பு இறங்கிய பிறகு எதுவும் செய்ய முடியாது.

வார்னிஷின்மேல் எண்ணெய் இறங்காது. உப்புத்தாளால் முழுக்க எடுங்கள், 80, பிறகு 120. வார்னிஷ் வியர்வையில் வழுக்கும், கையில் கொப்புளமும் வரும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெலிதாகத் தேய்த்து, இருபது நிமிடம் கழித்து மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். நாளுக்கு ஒன்று, மூன்று பூச்சு. மேல்நுனியில், ஆப்பைச் சுற்றி, குடிக்கும் மட்டும் விடுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து இரும்பு டப்பாவில் மூடுங்கள். கோடாலியைத் தகரக் கொட்டகையின் கூரையடியிலும் அடுப்பின் பக்கத்திலும் வைக்கக்கூடாது, காம்பு சுருங்கும்.

குலத்தைக் கெடுக்கும் கோடரிக்காம்பு என்று நம் ஆட்கள் வைதாலும், கோடாலியின் உயிர் அந்தக் காம்பில்தான் இருக்கிறது. ஜூலு மக்களின் இம்பாசோ கோடாலியைப் பார்த்திருப்பீர்கள், அதில் முறை நேர்மாறு. இரும்பில் துளை கிடையாது. இரும்பின் கூரிய வால் காம்பின் பருத்த தலையைத் துளைத்துக்கொண்டு போகும், ஒவ்வொரு வெட்டுக்கும் வால் இன்னும் உள்ளே இறங்கித் தானே இறுகும். ஆப்பே தேவையில்லாத நல்ல வேலை.

ஸ்டாங்கர் விறகுக்கடை:

கருவியைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், விறகைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்த வேலிக்கம்பங்களைத் தயவுசெய்து அடுப்பில் வைக்க வேண்டாம். இங்கே கம்பங்களுக்குக் கறையான் வராமலிருக்கத் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தை அழுத்தி ஏற்றுகிறார்கள். வெட்டுமுகத்தில் லேசான பச்சை தெரியும், பழசானால் சாம்பல் நிறமாகிப் பச்சை மறைந்தும்விடும். எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். பானைக் கஞ்சிக்கு மட்டுமல்ல, எந்த நெருப்புக்கும் ஆகாது.

வாட்டில் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள், நார் நேராக ஓடும், ஒரே அடியில் வாய் திறக்கும். கம் மரத்தில் நார் முறுக்கிப் பின்னியிருக்கும், காய்ந்துவிட்டால் கோடாலியைத் திருப்பி எறியும். ஆகவே அதையும் அறுத்த சில நாட்களுக்குள் பிளப்பதே சுலபம். முண்டின் முகத்தில் காய்ந்து விழுந்த வெடிப்பைப் பார்த்து, அந்தக் கோட்டிலேயே, கணு இல்லாத பக்கமாகப் போடுங்கள். கவட்டை விழுந்த முண்டுகளைத் தனியே ஒதுக்கிவையுங்கள், அவற்றைக் கோடாலியால் பிளக்க முனைவது காம்புக்குக் கேடு, ரம்பத்தால் அறுக்கலாம்.

பிளந்ததை மண்ணில் படாமல் இரண்டு கம்பத்தின்மேல், பட்டை மேலே பார்க்க, பக்கவாட்டில் காற்று புகும்படி அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள். தார்ப்பாயை நாலா பக்கமும் இழுத்துப் போர்த்தினால் பூஞ்சைதான் வரும். ஆடிக்கு எரிய வேண்டிய விறகைத் தை, மாசியிலேயே பிளந்து அடுக்கியிருக்க வேண்டும். இந்த வருஷத்துக்குப் பச்சை மிஞ்சியிருந்தால் காய்ந்ததை அடியில் வைத்துத் தொடங்கி, பச்சையை மணிக்கட்டுக் கனத்துக்குச் சிறிதாகப் பிளந்து ஓரத்தில் சேருங்கள்.

வடக்கிலிருந்து லாரியில் வரும் கலப்பு விறகு வாங்கினால் இரண்டைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று டம்போட்டி. கறுத்த, சதுரம் சதுரமாக வெடித்த பட்டை, உள்ளே கரும்பழுப்பு வைரம், நல்ல வாசனை. அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், அதன் நெருப்பில் சமைத்ததைச் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிராய் போடுகிறவர்களும், அதாவது நெருப்பில் இறைச்சி சுடுகிறவர்களும், இதை ஒதுக்கியே வைப்பார்கள். இன்னொன்று காமீல்டோரிங். தணல் மணிக்கணக்கில் நிற்கும் அருமையான விறகு, ஆனால் 1998ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட மரம். வெட்டவும் ஏற்றிச் செல்லவும் விற்கவும் உரிமம் வேண்டும். விற்பவரிடம் அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள். வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆற்றோரமெல்லாம் பரவி நீரைக் குடிக்கும் மரம், அதை எவ்வளவு எரித்தாலும் காட்டுக்கு நன்மைதான்.